விழுந்த பிள்ளைக்கு மறுபடியும் சைக்கிள்!

'அப்பா, இன்னும் ஒரே ஒரு ரவுண்டு' என்று தெருவையே சுற்றி வந்த பையன் ஒருநாள் கீழே விழுகிறான். சிராய்ப்பு பத்து நாளில் ஆறிவிடுகிறது. ஆனால், சைக்கிளை எடுக்கச் சொன்னால் மட்டும் 'கால் வலிக்குது' என்கிறான்.

'தைரியம் வர லேகியம் ஏதாவது இருக்கா டாக்டர்?' என்று கேட்கும் பெற்றோர் உண்டு. சைக்கிள் பயத்துக்கு லேகியம் கிடையாது. திட்டினால் பயத்தோடு அவமானமும் சேரும். 'இனி சைக்கிளே வேணாம்' என்று பாட்டி பேச்சைக் கேட்டு நிறுத்தினால், 'என்னால் முடியாது' என்ற எண்ணம் மனசில் தங்கிவிடும். வேறு வழி இருக்கிறது.

முதலில் உடம்பு

'வலிக்குது' என்பதை உடனே சாக்கு என்று முடிவு கட்டாதீர்கள். விழும்போது பிள்ளைகள் கையை ஊன்றுவார்கள். மணிக்கட்டு, முழங்கை எலும்பில் விரிசல் விட்டிருக்கலாம். வீக்கம் இருந்தாலோ, கையை முழுசாக நீட்டி மடக்க முடியாவிட்டாலோ டாக்டரிடம் காட்டி எக்ஸ்ரே எடுங்கள். நான் சித்த வைத்தியன், தைலங்களின் அருமை தெரிந்தவன். அந்த உரிமையில் சொல்கிறேன்: எக்ஸ்ரே பார்க்காமல் வீங்கிய முழங்கையை நீவாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். இறுக்கமான கட்டு ரத்த ஓட்டத்தைத் தடுத்து, கையையே முடமாக்கிவிடக்கூடும்.

சிராய்ப்பில் காபிப்பொடி வைக்க வேண்டாம். குழாய்த் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவுங்கள். தடுப்பூசி அட்டையை டாக்டரிடம் காட்டி, ஊசி தேவையா என்று கேளுங்கள். தலையில் அடிபட்டபின் வாந்தி, மயக்கம், அசாதாரணத் தூக்கம், அதிகமாகிக்கொண்டே போகும் தலைவலி இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பெடலைக் கழற்றுங்கள்

1817-ல் ஜெர்மனியில் கார்ல் வான் டிரைஸ் ஓட்டிக் காட்டிய இருசக்கர வண்டிக்குப் பெடலே கிடையாது. தரையைக் காலால் உந்தி உந்தித்தான் ஓட்டினார். பயந்துபோன பிள்ளைக்கும் அதுதான் நல்ல வழி.

சைக்கிள் கடையில் சொல்லி இரண்டு பெடலையும் கழற்றுங்கள். (நீங்களே கழற்றுவதானால், இடது பெடலின் மரை தலைகீழாக இருக்கும் என்பது ஞாபகமிருக்கட்டும்.) இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதியும்படி சீட்டை இறக்குங்கள். 'எப்போ வேணும்னாலும் காலை ஊன்றலாம்' என்று தெரிந்ததுமே பாதி பயம் போய்விடும்.

முதலில் சீட்டில் உட்கார்ந்தபடி நடக்கட்டும். பிறகு உந்தட்டும். பிறகு இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு பத்தடி உருளட்டும். வண்டி சாயும் பக்கமே ஹேண்டில்பாரை லேசாகத் திருப்பினால்தான் அது நிமிரும். இது வாயால் சொல்லி வராது. உடம்பு தானாகவே பழக வேண்டும். சைடு வீல் பூட்டிய வண்டி சாயாது என்பதால், அதில் இந்தப் பழக்கம் வராது.

பிரேக் பிடிக்கத் தனியாகப் பழக்குங்கள். பல பிள்ளைகளின் உண்மையான பயம், 'நிறுத்த முடியாம போயிட்டா?' என்பதுதான். பிரேக் பிடி குட்டி விரல்களுக்கு எட்டுகிறதா என்றும் பாருங்கள்.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

* வெயில் தாழ்ந்ததும், வண்டிகள் வராத காலி மைதானத்தில், தினம் கால் மணி நேரம் போதும். நன்றாக வரும்போதே நிறுத்திவிடுங்கள்.

* வேடிக்கை பார்க்க ஆள் வேண்டாம். நாமெல்லாம் வாடகை சைக்கிளில் குரங்குப்பெடல் போட்டு விழுந்தபோது பார்க்க ஆளில்லை. இன்று ஒரு பிள்ளை விழுந்தால் அபார்ட்மென்ட்டே எட்டிப் பார்க்கிறது.

* ஹேண்டில்பாரைப் பிடிக்காதீர்கள். தோளைத் தாங்கிப் பிடியுங்கள்.

* 'விட மாட்டேன்' என்று சொல்லிவிட்டு நைசாகக் கையை எடுக்காதீர்கள். திரும்பிப் பார்த்து அப்பா இல்லையென்றால், சைக்கிள் மேல் மட்டுமல்ல, உங்கள் மேலும் நம்பிக்கை போய்விடும். 'விடட்டுமா?' என்று கேட்டுவிட்டு விடுங்கள்.

* 'உன் தங்கச்சி ஓட்டுறா பாரு' வேண்டவே வேண்டாம்.

* அளவான ஹெல்மெட் எப்போதும் அவசியம்.

சில வாரங்களாகியும் நடுக்கம் தீராமல், தூக்கமும் கெட்டு, ஸ்கூலுக்குப் போகவும் தயங்கினால் குழந்தைகள் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

மற்றபடி அவசரம் எதுவுமில்லை. பெடலை மறுபடி மாட்டும் நாளை நீங்கள் குறிக்காதீர்கள். அதைப் பிள்ளையே வந்து சொல்லட்டும்.