உயரம் வேறு, விறைப்பு வேறு

நெய்வேலியின் பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில், சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரையிலான அழுத்தத்தோடு ஊற்று நீர் மேல்நோக்கி முட்டிக்கொண்டிருக்கிறது. 1957 மே 20-ஆம் தேதி ஜவாஹர்லால் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்த காலம் முதல் எஞ்சினியர்களைச் சங்கடப்படுத்திய விஷயங்களுள் இந்த நீரும் ஒன்று. மேலே கிடக்கும் மண்ணின் பாரம் அதை அமுக்கிவைத்திருக்கிறதாகையால், நீரை விட்டுவிட்டு மண்ணை மட்டும் வாரி எடுத்தால் சுரங்கத்தின் தரையே வீங்கிப் பிளந்துவிடும்; ஆகவே வெட்டுகிற இடத்தைச் சுற்றிக் குழாய்க் கிணறுகள் இறக்கி, இரவு பகலாக நீரை இறைத்து, அழுத்தத்தைத் தணித்த பிறகே நிலக்கரியில் கைவைக்கிறார்கள். பாரமும் அதைத் தாங்கும் சக்தியும் ஒன்றையொன்று சமன் செய்து நிற்கிற இந்த நிலையை உத்தியோக ரீதியாக நாள்தோறும் பார்த்துவரும் நண்பர் ஒருவர், டவுன்ஷிப்பில் தம் குவார்ட்டர்ஸ் வாசலிலேயே, மகனைத் துணைக்கு வைத்துக்கொண்டு, தம்முடைய சிறிய காருக்கு உயரம் மாற்றக்கூடிய சஸ்பென்ஷனைப் பொருத்தியதை இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உடனிருந்து பார்த்தேன்.

அந்தச் சாதனத்தில் பிரமாதமான ரகசியம் ஒன்றுமில்லை. ஷாக் அப்சார்பரின் உருளை மீது திருகுப் புரி வெட்டப்பட்டிருக்கிறது. அதன் மேல் ஏறி இறங்கும் ஒரு வளையம் சுருள்வில்லைத் தாங்குகிறது. வளையம் நகர்ந்துவிடாமல் அடியில் மற்றொரு வளையம் இறுக்கிப் பிடிக்கிறது. புரிகளுக்கிடையே 2 மில்லிமீட்டர் என்றால், ஐந்து சுற்றுக்கு வில்லின் இருப்பிடம் 10 மில்லிமீட்டர் மாறும். பொட்டலத்தைப் பிரித்தவுடன் மகன் கேட்டான்: “அப்பா, வளையத்தைக் கீழ இறக்கினா ஸ்ப்ரிங் சாஃப்ட் ஆயிடுமா?”

“பண்ருட்டிச் சந்தையில வில் தராசுல பலாப்பழத்தை மாட்டித் தூக்குறாங்கல்ல? தராசைத் தலைக்கு மேல பிடிச்சாலும் இடுப்புக்குக் கீழ பிடிச்சாலும் முள்ளு அதே எடையைத்தானேடா காட்டும்?” என்றார் நண்பர்.

இதைவிடத் தெளிவாக நான் எழுதிவிட முடியாது. வில் அமுங்குவது அதன் மேலுள்ள பாரத்தைப் பொறுத்தது; பாரம் மாறாதபோது, வளையத்தை எங்கே வைத்தாலும் அது அதே அளவுதான் அமுங்கும், கார் மாத்திரம் உயரும் அல்லது தாழும். ராபர்ட் ஹூக் 1678-இல் வெளியிட்ட விதி இதற்கு ஆதாரம். அந்த விதியிலிருந்து மற்றொரு ரசமான கணக்கும் பிறக்கிறது: தன் பாரத்தால் 25 சென்டிமீட்டர் அமுங்கி நிற்கும் வில்லின் மேல் கார் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 60 தடவை ஊசலாடும், விறைத்த வில்லாக மாற்றி, அமுக்கத்தை அதில் நாலில் ஒரு பங்காக்கினால், ஆட்டம் 120 தடவையாகிவிடும். முன்னது தொட்டில், பின்னது கட்டை வண்டி. வளையத்தைத் திருகியே தொட்டிலைக் கட்டை வண்டியாக்கிவிட்டதாகப் பெருமை பேசும் இளைஞர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்கள் உண்மையில் செய்திருப்பது, காரைத் தாழ்த்தி, வில் அமுங்குவதற்கு மிச்சமிருந்த இடத்தைக் குறைத்து, ஒவ்வொரு பள்ளத்திலும் அது ரப்பர் தடையில் போய் முட்டும்படி விட்டதுதான்.

உயரத்தை மாற்றும் உபாயமும் புதியதன்று. நம் தேசத்துச் சாலைகளை அரை நூற்றாண்டுக்கு மேல் ஆண்ட அம்பாஸடர் காரின் முன்பக்கத்தில் வெகுகாலம் சுருள்வில்லே கிடையாது. முறுக்கத்தைத் தாங்கும் நீண்ட எஃகுத் தண்டுகளே வில்லாக வேலை செய்தன. வருஷக் கணக்கில் பாரம் சுமந்து முன்பக்கம் தொய்ந்த வண்டியை, தண்டின் பல்வெட்டு முனையைக் கழற்றி, இடம் மாற்றிப் பூட்டி நிமிர்த்திய மெக்கானிக்குகள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். பின்பக்கத்தில் கமான் பட்டை. பிரெஞ்சு தேசத்து சிட்ரோவன் டி.எஸ். கார், 1955-லேயே, எண்ணெயையும் வாயுவையும் வில்லாகக் கொண்டு, ஓட்டுநர் ஒரு நெம்புகோலை நகர்த்தினால் எழுந்து நின்றது.

வில் சக்தியை வாங்கித் திருப்பித் தருமேயன்றி விழுங்காது. விழுங்குகிற வேலை ஷாக் அப்சார்பருடையது. உள்ளேயிருக்கும் எண்ணெய் நுண்ணிய துவாரங்களின் வழியே நெருக்கிக்கொண்டு ஓடும்போது, ஆட்டத்தின் சக்தி உஷ்ணமாக மாறிக் காற்றில் கலந்துவிடுகிறது. நண்பர் வாங்கிய சாதனத்தில் அந்தத் துவாரத்தைக் குறுக்கவும் அகட்டவும் ஒரு குமிழ் இருந்தது. அதை முழுவதும் மூடி, அங்கிருந்து ‘கிளிக்’குகளை எண்ணிக்கொண்டே திறந்து, இரு பக்கமும் ஒரே எண்ணில் நிறுத்தி, நோட்டுப் புத்தகத்தில் குறித்து, அதே தெருவில் அதே வேகத்தில் ஓட்டிப் பார்த்து, பிறகு இரண்டே கிளிக் மாற்றி மறுபடியும் ஓட்டுவதுதான் முறை. ஒரே சமயத்தில் இரண்டு விஷயங்களை மாற்றுகிறவன் எதையும் கற்றுக்கொள்வதில்லை.

கழற்றுகிற காரியத்தில்தான் உயிருக்கே அபாயம் உண்டு. ஜாக்கியில் மட்டும் நிற்கும் காரின் கீழே தலையை நீட்டலாகாது. உறுதியான தாங்கிகளை வைத்தே தீரவேண்டும். வில்லும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகப் பூட்டிய பழைய ஸ்ட்ரட்டை வெளியே எடுத்த பின், அதன் உச்சியின் நடுவிலுள்ள நட்டை, வில்லைப் பிடித்து அமுக்கும் கருவியில்லாமல் ஒருபோதும் அவிழ்க்கக் கூடாது. மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் விறைப்புள்ள வில் 150 மில்லிமீட்டர் அமுங்கியிருந்தால், அதற்குள் அடைபட்டிருக்கும் சக்தி, ஏறக்குறைய 29 கிலோ கல் ஒன்று ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமானம். அந்தக் கல் எந்தத் திக்கில் விழும் என்பது முன்கூட்டித் தெரிவதில்லை. மூட்டுகளிலுள்ள ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், கார் தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கேறிக் கிழியத் தொடங்கும். ஆதலால் சக்கரத்தின் மேல் பாரம் இறங்கிய பிறகே கடைசி இறுக்கு. நெய்வேலியின் செம்மண் புழுதி புரிகளில் அப்பிக்கொள்ளுமாதலால், தூரிகையால் துடைக்காமல் வளையத்தைத் திருகுவதும் தகாது.

உயரம் மாறியதும் சக்கரங்களின் முகம் கோணும். அலைன்மென்ட் பார்க்காமல் ஓட்டினால் டயர் ஒரு ஓரமாகத் தேயும், முகப்பு விளக்கும் எதிரே வருபவர் கண்ணைக் கூசவைக்கும். உற்பத்தியாளர் குறித்த அமைப்பை மாற்றுவதற்கு 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விதிக்கும் தடைகளையும், பணத்தைச் செலவழிப்பதற்கு முன்பே, ஒருவர் விசாரித்துக்கொள்வது நலம். நண்பர் பழைய உயரத்தையே வைத்துக்கொள்ளத் தீர்மானித்தார்.

அதற்காகக் கழற்றுமுன் தெருவில் நிறுத்தி, சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை நான்கு மூலைகளிலும் அளந்து எழுதியிருந்தார். ஓட்டுநர் ஆசனத்தில் தமக்குப் பதிலாக மூன்று அரிசி மூட்டைகளையும் உட்காரவைத்திருந்தார். எல்லாம் பூட்டியாயிற்று, காரை முன்னும் பின்னுமாக உருட்டிப் படியவைத்து, வாசல் சிமென்ட் தளத்தில் நிறுத்தி அளந்தபோது, இடது முன்பக்கம் வலதைவிட 4 மில்லிமீட்டர் உயர்ந்து நின்றது. வளையத்தை இரண்டு சுற்று இறக்கினார். கால் நீளம் ஒவ்வாத மேசையைப் போல, கார் இப்போது குறுக்கு மூலைகளில் பாரத்தை மாற்றிப் போட்டுக்கொண்டது. பின்பக்கத்து அளவுகளும் கலைந்தன. காலை முழுவதும் இப்படியே கழிந்தது. மத்தியானம், பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த கொத்தனாரிடமிருந்து மகன் ஒரு டியூப் லெவலை இரவல் வாங்கிவந்து, நீர் நிரப்பி, தளத்தின் நான்கு மூலைகளிலும் பிடித்துப் பார்த்தான். இடது முன்சக்கரம் நின்ற மூலை, மழைத் தண்ணீர் வடிவதற்காக, மற்ற மூன்றையும்விட 8 மில்லிமீட்டர் தாழ்த்தி விடப்பட்டிருந்தது.

நண்பர் ஒன்றும் பேசவில்லை. நோட்டுப் புத்தகத்தில் அன்று காலை எழுதிய பக்கத்தைக் குறுக்கே அடித்துவிட்டு, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு காரைத் தெருவுக்குத் தள்ளச் சொன்னார்.