கீசருக்குக் கீழே ஒரு மக்

மார்கழியில் எங்கள் குளியலறையில் ஒரு சத்தம் குடியேறியது. இரண்டு மூன்று விநாடிக்கு ஒரு சொட்டு. பகலில் காதில் விழாது, ராத்திரி தூங்க விடாது. சுவரில் மாட்டியிருக்கும் 15 லிட்டர் கீசரின் அடியில், தண்ணீர் உள்ளே போகும் குழாயில் விரல் நீளத்துக்கு ஒரு பித்தளைச் சாமான் இருக்கிறது. அதன் பக்கவாட்டு மூக்கிலிருந்துதான் சொட்டிக்கொண்டிருந்தது.

பிளம்பர் வந்தார். அண்ணாந்து பார்த்தார்.

"சேஃப்டி வால்வு லீக் சார். மூக்குல ஒரு டம்மி போட்டு அடைச்சிட்டா நின்னுடும். அஞ்சு நிமிஷ வேலை."

"அடைக்கலாமா தம்பி?"

"எத்தனையோ வீட்ல போட்டிருக்கேன் சார். ஒண்ணும் ஆகல."

அன்றைக்கு டம்மி போடாமல் தப்பியதற்குக் காரணம் என் புத்திசாலித்தனம் அல்ல. அந்த மரைக்குப் பொருந்தும் டம்மி அவர் பையில் இல்லை. "நாளைக்குக் கொண்டாறேன்" என்று போய்விட்டார். கிடைத்த ஒரு ராத்திரியில் அந்த மூக்கின் கீழே ஒரு மக்கை வைத்தேன்.

மக்கில் என்ன சேர்ந்தது என்று சொல்லும் முன் அந்தப் பித்தளைச் சாமானைப் பார்த்துவிடலாம். அது ஒரே உடம்பில் இரண்டு வால்வு. முதலாவது, தண்ணீரை உள்ளே விடும், திரும்ப வெளியே விடாது. மொட்டைமாடித் தொட்டி வற்றிப்போனாலும் கீசர் காலியாகாமல் இருப்பது இதனால்தான். காலியான கீசரில் காயில் ஓடினால் காய்ந்து எரிந்துபோகும். இரண்டாவது, ஒரு ஸ்பிரிங் அழுத்திப் பிடித்திருக்கும் சிறு ரப்பர் வட்டு. உள்ளே அழுத்தம் ஓர் அளவைத் தாண்டினால் ஸ்பிரிங் விட்டுக்கொடுக்கும், தண்ணீர் மூக்கு வழியே வெளியேறும். அந்த அளவு வால்வின் மேலேயே பொறித்திருக்கும், பெரும்பாலும் 8 பார். 10 மீட்டர் உயரத் தண்ணீர் தன் அடியில் கொடுக்கிற அழுத்தம் ஏறக்குறைய 1 பார் என்று வைத்துக்கொண்டால் போதும்.

முதல் வால்வு உண்டாக்கும் சிக்கலைத்தான் இரண்டாவது வால்வு தீர்க்கிறது. தண்ணீர் சூடானால் பருக்கும். 27 டிகிரி செல்சியஸில் இருக்கும் ஒரு லிட்டரை 75 டிகிரிக்குக் கொண்டுபோனால் 22 மில்லி கூடும். தவலையில் வெந்நீர் போட்ட காலத்தில் இதை யாரும் கவனித்ததில்லை, மேலே பருப்பதற்கு இடம் இருந்தது. கொல்லைப்புறத்தில் தென்னைமட்டை போட்டு எரித்த செப்பு பாய்லருக்கும் மூடியைச் சும்மா மேலே வைத்ததுதான், பூட்டு ஏதும் இல்லை. கீசர் அப்படியல்ல. அது எப்போதும் கழுத்துவரை நிரம்பிய உருளை. வெந்நீர்க் குழாய் மூடியிருக்கிறது, வந்த வழியை முதல் வால்வு அடைத்துவிட்டது. கூடிய 22 மில்லி எங்கே போகும்?

சுருங்கிக்கொள்ளட்டுமே என்றால், தண்ணீர் அதற்கு ஒப்பாது. அதை ஒரு சதவீதம் சுருக்கவே 220 பார் அழுத்தம் வேண்டும். கொஞ்சமும் விட்டுக்கொடுக்காத பாத்திரத்தில் அடைத்துச் சூடாக்கினால், ஒரு டிகிரிக்கு 6 பார் அளவுக்கு அழுத்தம் ஏறும் என்கிறது கணக்கு. நிஜத்தில் கீசரின் உருளை சற்று உப்பிக்கொடுக்கும், மேல்முனையில் கொஞ்சம் காற்றும் தங்கியிருக்கலாம், அதனால் வேகம் குறையும். ஆனாலும் 8 பாரைத் தொட நேரமாகாது. தொட்டதும் ஸ்பிரிங் இளகி, கூடிய தண்ணீரை மட்டும் சொட்டாக வெளியே தள்ளும். சூடேறும் கடைசி நிமிடங்களில் சொட்டு விரைவதையும் பார்க்கலாம். 27-லிருந்து 37-க்குப் போகும்போது கூடுவதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, 65-லிருந்து 75-க்குப் போகும்போது கூடும்.

ஆகவே கீசர் ஓடும்போது சொட்டுவது கோளாறே அல்ல. 15 லிட்டர் கீசரை 60 டிகிரி வரை சுட வைத்தால் சுமார் 200 மில்லி, 75 வரை போனால் 330 மில்லி வெளியேறுவது நியாயம். அதே 75 டிகிரிக்கு 25 லிட்டர் கீசர் அரை லிட்டருக்கு மேல் கழிக்கும். இந்தச் சொட்டு கண்ணை உறுத்தினால் வால்வைத் தொட வேண்டாம், திருகியைத் திருப்புங்கள். 75-ல் நிற்கிற தெர்மோஸ்டாட்டை 55-க்கு இறக்கினால் சொட்டு பாதியாகும், மின்கட்டணமும் குறையும். மொட்டைமாடிச் சூரிய வெந்நீர்த் தொட்டிகள் பலவற்றில் செங்குத்தாக ஒரு குழாய் வானத்தைப் பார்த்துத் திறந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதே வேலைக்குத்தான். பருத்த தண்ணீர் அந்தக் குழாயில் ஏறி நின்றுகொள்கிறது.

இனி என் மக். ராத்திரி பத்து மணிக்குக் கீசரின் சுவிட்சை அணைத்துவிட்டு வைத்தது. உள்ளே இருந்த தண்ணீர் ஏற்கெனவே ஆறிப்போனது. காலை ஆறு மணிக்கு அளந்தால் 600 மில்லி. சூடே ஏறாத தண்ணீர் பருக்காது, ஆறும் தண்ணீரோ சுருங்கத்தான் செய்யும். எனவே இது பருத்ததால் வந்த சொட்டு அல்ல.

அடுத்த சந்தேகம், மேலிருந்து வரும் அழுத்தம். உயரமான அடுக்ககங்களில் இது உண்மையாகவே கோளாறு செய்யும். முப்பது மாடிக்கு மேலே ஒரு தொட்டி வைத்து, நடுவில் அழுத்தம் குறைக்கும் வால்வு எதுவும் இல்லாமல் கீழ்த்தளத்துக்குக் குழாய் இறக்கினால், அங்கே 9 பார் வரும். கீசர் போடாமலே வால்வு கதறும். அழுத்தம் குறைக்கும் வால்வு இருந்து அது பழுதானாலும், பிரஷர் பம்ப்பை அளவுக்கு மேல் திருகி வைத்தாலும் இதே கதைதான். எங்கள் கட்டடம் மூன்று மாடி. நாங்கள் முதல் மாடி. தொட்டிக்கும் கீசருக்கும் இடையே 9 மீட்டர் இருந்தால் அதிகம். அதாவது 1 பார்கூட இல்லை. 8 பாரில் திறக்க வேண்டிய வால்வை 1 பார் திறக்க முடியாது. பிளம்பரைக் கூப்பிடாமல், அழுத்தமானி வாங்காமல், மாடிப்படியை எண்ணியே ஒரு குற்றவாளியை விடுதலை செய்துவிட்டேன்.

மிச்சம் இருப்பது வால்வின் வாய். எங்கள் வீட்டுக்கு வருவது போர் தண்ணீர். கடினநீரில் கரைந்திருக்கும் கால்சியம், சூடு பட்டதும் கார்பனேட்டாகப் பிரிந்து படியும். சர்க்கரை சூட்டில் அதிகம் கரையும், இந்தச் சுண்ணாம்பு நேர்மாறு, சூட்டில் கரைசலை விட்டு வெளியே வரும். வெந்நீர் வாளியின் ஓரத்தில் வெள்ளையாக ஒட்டுவது அதுதான். அதில் ஒரு துணுக்கு ரப்பர் வட்டுக்கும் பித்தளைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால், ஸ்பிரிங் எவ்வளவு அழுத்தினாலும் வாய் முழுதாக மூடாது. அழுத்தம் அரை பார் இருந்தாலும் கசியும்.

வால்வில் ஒரு சிறு நெம்புகோல் இருந்தது. மின்சாரத்தை எம்.சி.பி.யிலேயே அணைத்துவிட்டு, தண்ணீர் ஆறியிருப்பதை உறுதி செய்துகொண்டு அதை நாலைந்து முறை தூக்கி விட்டேன். தண்ணீர் பீய்ச்சியடித்தது, கூடவே மாவு மாதிரி வெள்ளைப் பொடி. சொட்டு நின்றது. மூன்று நாள் நிம்மதி. நாலாம் நாள் மறுபடியும் ஆரம்பித்தது. ரப்பரே தடம் விழுந்து கெட்டியாகியிருக்க வேண்டும். அப்படியானால் வால்வை மாற்றுவதுதான் வழி.

மாற்றும்போது ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். புது வால்வில் பொறித்த அழுத்தம், கீசரின் பெயர்ப்பலகையில் உள்ள அளவைத் தாண்டக் கூடாது. "இது ஹெவி டியூட்டி, சொட்டவே சொட்டாது" என்று கடைக்காரர் நீட்டினால் வாங்காதீர்கள். வால்வைத் தாங்கவைத்தால் உருளை தாங்காது. வால்வுக்கும் கீசருக்கும் நடுவில் எந்தக் குழாயடைப்பும், ஆங்கிள் காக்கும் வரக் கூடாது. யாராவது ஒருநாள் அதை மூடிவிட்டு மறந்தால் வால்வு இருந்தும் இல்லாததுபோல்தான். வேலை முடிந்ததும் வெந்நீர்க் குழாயைத் திறந்து தண்ணீர் தடையில்லாமல் கொட்டுவதைப் பார்த்த பிறகே சுவிட்சைப் போட வேண்டும்.

மக்குக்குப் பிடிபடாத ஒரு நிலை உண்டு. வால்வு கீழே, குளிர்ந்த தண்ணீர் நுழையும் இடத்தில் இருக்கிறது. சுடுதண்ணீர் எடை குறைவு, அது மேலே போய் நிற்கும். அதனால் சாதாரணமாக வரும் சொட்டு குளிர்ச்சியாகவோ வெதுவெதுப்பாகவோதான் இருக்கும். அங்கிருந்து கை பொறுக்காத சூட்டில் தண்ணீரோ, ஆவியோ வந்தால், தெர்மோஸ்டாட் தன் வேலையை விட்டுவிட்டது, அதற்கு மேலே காவலாக இருக்கும் கட்-அவுட்டும் விட்டுவிட்டது என்று பொருள். அப்போது வால்வையோ குழாயையோ தொடாதீர்கள். எம்.சி.பி.யை அணைத்துக் குளியலறைக் கதவைச் சாத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

அந்த நேரத்தில் மூக்கில் டம்மி இருந்தால்? தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பது திறந்த பாத்திரத்தில்தான். 7 பார் அழுத்தத்தில் 170 டிகிரி வரை கொதிக்காமல் தண்ணீராகவே இருக்கும். 2,000 வாட் காயில் 15 லிட்டரை அந்தச் சூட்டுக்குக் கொண்டுவர ஒன்றேகால் மணி நேரம் போதும். அந்த நிலையில் உருளை ஓரிடத்தில் கிழிந்தால் அழுத்தம் சட்டென்று விழும். உள்ளே இருக்கும் தண்ணீரில் எட்டில் ஒரு பங்கு அந்தக் கணமே ஆவியாகும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் 1,600 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். குளியலறையின் கொள்ளளவை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 1982 ஜனவரி 19 அன்று அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் ஸ்பென்சர் என்ற ஊரில் ஒரு தொடக்கப் பள்ளியின் உணவுக்கூடத்தை ஒட்டியிருந்த வெந்நீர்த் தொட்டி இப்படித்தான் வெடித்தது. ஆறு குழந்தைகளும் ஓர் ஆசிரியரும் இறந்தார்கள். சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி பழுது, பாதுகாப்பு வால்வும் கைகொடுக்கவில்லை.

தெர்மோஸ்டாட் ஒழுங்காக இருந்தாலும் டம்மி போட்ட கீசர் சும்மா இருக்காது. தினமும் சூடேறும்போது உப்பும், ஆறும்போது சுருங்கும். பற்றவைப்புகளும் காஸ்கெட்டும் அதைச் சில காலம் பொறுத்துக்கொள்ளும். பிளம்பர் "ஒண்ணும் ஆகல" என்று சொன்னது அந்தச் சில காலத்தைத்தான்.

வால்வை அடைக்கும் பழக்கம் நம் ஊர்க் கண்டுபிடிப்பு என்று அவரைக் கோபித்துக்கொள்ளவும் வேண்டாம். 1679-ல் டெனி பாப்பேன் லண்டன் ராயல் சொசைட்டியில், எலும்பையும் குழைய வேகவைக்கும் மூடிய பாத்திரம் ஒன்றைக் காட்டினார். அது வெடிக்காமலிருக்க, நெம்புகோலில் எடை தொங்கவிட்ட ஒரு வால்வைப் பொருத்தினார். நம் குக்கரின் மேலே ஆடுகிற வெயிட் அதன் வழிவந்ததுதான். பிறகு நீராவி ரயில் வந்தது. கூடுதல் வேகத்துக்கு ஆசைப்பட்ட ஓட்டுநர்கள் வால்வைக் கட்டிவைத்தார்கள், கொதிகலன்கள் வெடித்தன. 1855-ல் ஜான் ராம்ஸ்பாட்டம் என்ற இங்கிலாந்துப் பொறியாளர் இரண்டு வால்வுகளை ஒரே ஸ்பிரிங்கால் இணைத்தார். அதன் நெம்புகோலை எந்தப் பக்கம் அழுத்தினாலும் ஏதாவது ஒரு வால்வு இளகுமே தவிர, இரண்டையும் இறுக்க முடியாது. மனிதர் கை வைப்பார் என்று தெரிந்தே செய்த வடிவம். நம் கீசர் வால்வில் அந்த ஏற்பாடு கிடையாது. ஒரு டம்மி போதும், கதை முடிந்தது.

சொட்டே இல்லாத வால்வும் யோசிக்க வேண்டியதுதான். சூடேறும்போது யாரோ குளித்துக்கொண்டிருந்தால் பருத்த தண்ணீர் அந்த வழியாகப் போயிருக்கும், அது சரி. உள்வழி வால்வு சரியாக மூடாமல் மாடிக் குழாய்க்கே திரும்பிப் போயிருக்கலாம். அல்லது ஸ்பிரிங் துருவும் சுண்ணாம்புமாக இறுகிப்போயிருக்கலாம். கடைசியாகச் சொன்னதைக் கண்டுபிடிக்க, மாதம் ஒருமுறை தண்ணீர் ஆறியிருக்கும்போது நெம்புகோலைத் தூக்கிப் பார்த்தால் போதும். தண்ணீர் வரவில்லையென்றால் வால்வு போய்விட்டது.

மறுவாரம் பிளம்பர் வந்தார், சரியான மரையில் டம்மியோடு. மக்கைக் காட்டினேன். சிரித்துவிட்டுப் புது வால்வு வாங்கி வந்து மாட்டினார். இப்போது ராத்திரி முழுக்க மக் காய்ந்து கிடக்கிறது. காலையில் கீசர் போட்டால் 200 மில்லிக்குக் கொஞ்சம் குறைவாகச் சேர்கிறது. மூக்கில் ஒரு பிளாஸ்டிக் டியூபைச் செருகி, சரிவாக, மடங்காமல், தரைச் சல்லடை வரை விட்டிருக்கிறேன். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு டியூப் இருந்தால், வீட்டில் உள்ளவர்களிடம் சொல்லி வையுங்கள்: அதன் வாயை யாரும் கட்ட வேண்டாம்.