45 பிராயத்து உஷ்ணம்

45 பிராயத்தைக் கடந்த ஸ்திரீ ஒருத்தி, மார்கழிப் பனியிலும் நடுநிசியில் வியர்த்து விழித்து, கழுத்தும் முகமும் தீயாய்க் காந்த, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பாளாகில், அதனை முன்கோபமென்றும் மனப்பிரமையென்றும் வீட்டார் ஒதுக்கிவிடுவது பெரும் அநியாயமென்றே நான் சொல்லுவேன்.

பெண் சிசு தாயின் கர்ப்பத்தில் ஐந்து மாதமாயிருக்கும்போதே அதன் சினைப்பைகளில் 60, 70 லட்சம் முட்டைக் கருக்கள் உண்டாகிவிடுகின்றன. அவற்றுள் பிறக்கும்போது 10 முதல் 20 லட்சமும், பூப்பெய்தும்போது 3 அல்லது 4 லட்சமுமே எஞ்ச, ஆயுள் முழுவதும் பக்குவமடைந்து வெளிப்படுபவை ஏறக்குறைய 400 அல்லது 500 மாத்திரமே. மற்றவை தாமாகவே நசித்துப்போகின்றன.

மூளையின் அடியில் பட்டாணியளவேயுள்ள பிட்யூட்டரி கிரந்தி எஃப்.எஸ்.எச். என்னும் ஹார்மோனை இரத்தத்தில் கலந்து, மாதந்தோறும் சில முட்டைகளை வளரத் தூண்டுகிறது. வளரும் முட்டையைச் சூழ்ந்த உயிரணுக்கள் ஈஸ்ட்ரோஜனைச் சுரக்க, அதனை உணர்ந்த கிரந்தி தன் ஏவலைத் தணித்துக்கொள்கிறது. முட்டைகள் அருகிப்போகும் பிராயத்திலோ, திறப்பாரில்லாத கதவை மேன்மேலும் ஓங்கித் தட்டுபவனைப்போல, அக்கிரந்தி எஃப்.எஸ்.எச்.சை அதிகமாகப் பெய்கிறது. ஈஸ்ட்ரோஜன் ஒரு மாதம் மிகுந்தும் மறுமாதம் வீழ்ந்தும் தடுமாறுகிறது. மாதவிலக்கு 20 நாளிலும் வருகிறது, இரண்டு மாதம் கழித்தும் வருகிறது. ஆகையால் ஒரே ஒரு இரத்தப் பரிசோதனையைக் கொண்டு எதையும் முடிவுகட்டுதல் தகாது. ஈஸ்ட்ரோஜன் வற்றவே, சரீர உஷ்ணத்தைக் காக்கும் மூளைப்பகுதி அற்ப வித்தியாசத்தையும் பெரிதாகப் பாவித்து, தோலின் இரத்தக்குழாய்களை விரித்து வியர்வையைப் பெருக்குகிறது. அந்த நடுநிசித் தாபத்தின் காரணம் இதுவே.

ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் வருஷாவருஷம் சிறுகச் சிறுகக் குறைவதன்றி, இத்தகைய திடீர் வீழ்ச்சி இயல்பாக நேர்வதில்லை.

தொடர்ந்து 12 மாதம் விலக்கு வராதிருந்தாலே அது நின்றதாகக் கொள்வர். நம் நாட்டில் பெரும்பாலோர்க்கு இது 45-க்கும் 50-க்கும் இடையில் நிகழ்கிறது. அதையொட்டிய சில வருஷங்களில் எலும்பு விரைந்து தேய்வதை, வெளியே வலியொன்றும் தெரியாமையால், பலரும் அறியாமலே இருந்துவிடுகின்றனர். தாபம் தாங்கவொண்ணாதவர்க்கு ஹார்மோன் சிகிச்சை உண்டு; 2002-ல் அமெரிக்காவில் ஒரு பெரும் ஆராய்ச்சி இடையில் நிறுத்தப்பட்டது முதல் அதன்மேல் அச்சம் பரவியதெனினும், 60 வயதுக்குட்பட்ட ஆரோக்கியமான ஸ்திரீகளுக்குப் பொதுவாக அதனால் தீமையினும் நன்மையே மிகுதியென்று பின்னர் தெளிவாயிற்று. மார்பகப் புற்றுநோய் கண்டவர்களுக்கோ அது ஆகாது.

ஓராண்டு நின்றபின் ஒரு துளி உதிரம் கண்டாலும், பழையபடி வந்துவிட்டதென்று வாளாவிராமல், கர்ப்பப்பையில் புற்றுநோய் இல்லையென்று நிச்சயித்துக்கொள்ளத் தாமதமின்றி டாக்டரிடம் போகவேண்டும். கூச்சத்தால் அவள் தயங்குவாளாயின், கணவனோ மகளோ உடன் அழைத்துச் செல்லவேண்டும்.