வாரிய வீடு வாங்கித் தருவதாக மோசடி! ஏழைகளின் மஞ்சள் பைக்குக் குறி!!

சென்னை,
எலி வளையானாலும் தனி வளை வேணும் என்பார்கள். கூவம் கரைக் குடிசையில் இருப்பவருக்கும், ஒண்டுக் குடித்தனத்தில் மாசம் பிறந்தால் வாடகைக்குத் திண்டாடும் மூட்டை தூக்கும் தொழிலாளிக்கும் ஒரே ஏக்கம்தான்: நாலு சுவர், ஒரு கதவு, தன் பெயரில் ஒரு பத்திரம்!

இந்த ஏக்கம்தான் மோசடி ஆசாமிகளுக்கு மூலதனம். "ஆபீசுல நம்ம ஆளு இருக்காரு. பணத்தைக் கொடு, கண்ணகி நகர்ல வீடு ரெடி" என்று வலை வீசுவார்கள். தாலிச் சங்கிலி அடகுக் கடைக்குப் போகும். பதிலுக்குக் கிடைப்பது போலி ஒதுக்கீட்டு உத்தரவு! வேறொருவர் குடியிருக்கும் வீட்டுக் கதவைத் தட்டும்போதுதான் குட்டு வெளிப்படும். அதற்குள் ஆசாமி கம்பி நீட்டியிருப்பான்.

1970-ல் தொடங்கிய குடிசை மாற்று வாரியத்தின் பெயர், 2021-ல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. வீடு ஒதுக்குவது வாரியம்தான், புரோக்கர் அல்ல. தவணைக்கு ஒதுக்கிய வீடு என்றால், பணம் முழுவதும் கட்டிய பிறகே கிரையப் பத்திரம். அதற்கு முன் வெள்ளைத் தாளில் எழுதி வாங்கினால் வீடு உங்களுடையது ஆகாது.

பணம் கொடுக்கும் முன் வாரிய ஆபீசுக்கு நேரில் போய் விசாரியுங்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் தராதீர்கள். ஏமாந்திருந்தால் வெட்கப்படாமல் உடனே போலீசில் புகார் கொடுங்கள்!