மெனுவை அழுத்துவதும் கட்டளையைத் தட்டுவதும் ஒன்றா?

லினக்ஸுக்குப் புதிதாக மாறியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: பவர் மெனுவில் இருக்கும் ஷட்டவுன், ரீஸ்டார்ட், சஸ்பெண்ட் ஆகியவற்றுக்கு டெர்மினலில் என்ன தட்டுவது? 'சிஸ்டம்சிடிஎல்' என்று தட்டி, பக்கத்தில் 'பவர்ஆஃப்', 'ரீபூட்', 'சஸ்பெண்ட்', 'ஹைபர்னேட்' என வேண்டியதைச் சேர்த்தால் போதும். திரையைப் பூட்ட 'லாகின்சிடிஎல் லாக்-செஷன்'. டெர்மினல் வழியாக அணைத்தால் கணினி வேகமாக அணையும் என்ற பேச்சை மட்டும் நம்ப வேண்டாம். மெனுவும் கட்டளையும் கடைசியில் ஒரே கதவைத்தான் தட்டுகின்றன. ஆனால் கட்டளை, வழியில் ஒரு விசாரிப்பைத் தாண்டிப் போய்விடுகிறது.

க்னோம் டெஸ்க்டாப்பில் ஷட்டவுனை அழுத்தினால் 60 நொடி எண்ணிக்கை ஓடும். சேமிக்காத வேலை ஏதும் உண்டா என்று திறந்திருக்கும் செயலிகளை டெஸ்க்டாப் விசாரித்த பிறகுதான் சேதி 'லாகின்டி' என்ற பின்னணிச் சேவைக்குப் போகும். கட்டளையோ நேராக லாகின்டியிடம் போகிறது. ஒரு செயலி முன்கூட்டியே அங்கே தடை போட்டு வைத்திருந்தால், சாதாரணப் பயனரின் கட்டளை மறுக்கப்பட்டு, தடுப்பவர் யார், காரணம் என்ன என்பது திரையில் வரும். தடை போடாத செயலியில் பாதி எழுதிய கடிதம் போனது போனதுதான். மெனுவுக்கு உண்மையிலேயே இணையான கட்டளை வேண்டுமென்றால் அது 'க்னோம்-செஷன்-க்விட்', கூடவே 'பவர்-ஆஃப்' என்ற தெரிவு.

அதற்குப் பிறகு நடப்பது கல்யாண மண்டபத்தைக் காலி செய்வது போன்றது. திறக்கும்போது முதலில் ஜெனரேட்டர், பிறகு அடுப்பு, கடைசியில் நாதஸ்வரம். மூடும்போது இதற்கு நேர்மாறு. கணினியின் சேவைகளை நிர்வகிக்கும் 'சிஸ்டம்டி'யும் அவற்றைத் தொடங்கிய வரிசைக்கு எதிர்வரிசையில் நிறுத்துகிறது. வலையமைப்பை நம்பி ஓடும் நிரல் முதலில் எழுந்து போகும், வலையமைப்பு அதன் பிறகே. ஒவ்வொரு நிரலுக்கும் முதலில் வருவது 'சிக்டெர்ம்' என்ற சமிக்ஞை. நேரமாகிறது, கை கழுவுங்கள் என்று பந்தியில் சொல்வதைப் போல. வழக்கமான அமைப்பில் 90 நொடி பொறுப்பார்கள். அதற்கும் எழுந்திருக்காவிட்டால் 'சிக்கில்', அதாவது இலையையே உருவிவிடுவது. பாத்திரங்களை எண்ணிப் பூட்டுவது போலக் கோப்பமைப்புகளைக் கழற்றுவது கடைசி வேலை. வட்டுக்குப் போய்விட்டதாக நாம் நினைத்த தரவு நினைவகத்திலேயே தங்கியிருக்கக்கூடும். அது முழுதாக வட்டில் இறங்குவது இந்தக் கட்டத்தில்தான். சிஸ்டம்சிடிஎல்லுக்கு 'ஃபோர்ஸ்' தெரிவை இரண்டு முறை கொடுத்தால், நிரல்களை நிறுத்தாமலும் கோப்பமைப்புகளைக் கழற்றாமலும் கணினி அணையும். வேகம் வேண்டும் என்பவர்களுக்கு அந்த வழியைச் சொல்லித் தருவது பொறுப்பில்லாத செயல்.

வரலாறு சுருக்கமானது. சிஸ்டம்டிக்கு முன் இருந்த 'இனிட்' முறையில் 0 என்றால் நிறுத்து, 6 என்றால் மறுபடி தொடங்கு. 2010-ல் சிஸ்டம்டி வந்தது. 2015-ல் டெபியன் 8, உபுண்டு 15.04 இரண்டும் அதை இயல்பாக ஏற்றன. இன்று 'ஷட்டவுன்', 'ரீபூட்' என்ற பழைய பெயர்களும் பெரும்பாலான லினக்ஸ்களில் சிஸ்டம்சிடிஎல்லுக்கே அழைத்துப் போகின்றன.

மெனு இருக்க, கட்டளை எதற்கு என்று கேட்கலாம். தொலைவில் இருக்கும் சர்வருக்குத் திரையும் இல்லை, மெனுவும் இல்லை. பலர் உள்நுழைந்திருக்கும் கணினியில் 'ஷட்டவுன் +10' என்று கொடுத்தால் 10 நிமிட அவகாசம் கிடைக்கிறது, எல்லோருடைய டெர்மினலுக்கும் எச்சரிக்கை போகிறது; மனம் மாறினால் 'ஷட்டவுன் -சி' அதை ரத்து செய்யும். தாண்டிப் போன விசாரிப்பை இது ஓரளவு ஈடுகட்டுகிறது.

எந்த வழியில் வந்தாலும் கடைசி அழைப்பு இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குத்தான். தவறுதலாக வந்த அழைப்பால் கணினி நின்றுவிடக் கூடாது என்பதற்காக, கெர்னல் இரண்டு மாய எண்களைக் கேட்கிறது. இரண்டாவதாக அது ஏற்கும் எண்களில் ஒன்று 672274793. பதினாறடிமான முறையில் எழுதினால் அது 28121969: லினஸ் டோர்வால்ட்ஸ் பிறந்த 1969 டிசம்பர் 28.