செய்தித்தாளின் பெயரும் மேற்கோள் குறியும்

தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியில் 1925ஆம் ஆண்டு காலமான சுப்பிரமணிய சிவாவைப் பற்றிய கட்டுரையொன்றில், "ஞானபானு மூலமாகச் சிவா தம் எண்ணங்களைப் பரப்பினார்" என்றிருந்தது. வாசித்த மாணவரொருவர், ஞானபானு என்பவர் சிவாவின் சீடரோ என நம்மிடம் வினவினார். அது 1913இல் சிவா தொடங்கிய இதழின் பெயர். குற்றம் மாணவருடையதன்று, பெயரை ஒற்றை மேற்கோள் குறிக்குள் இட்டிருந்தால் ஐயமே எழுந்திராது.

ஆங்கில நூல்களில் சாய்வெழுத்து இப்பணியைச் செய்கிறது. தமிழ் அச்சில் அது கண்ணுக்கு உகந்ததாய் அமைவதில்லை. நமக்கு மேற்கோள் குறியே தகும். வேற்றுமை உருபு குறிக்கு வெளியே நிற்கட்டும்: 'தினமணி'யில்.

இறையியல் ஆய்வேட்டில் இது வெறும் அச்சு நுணுக்கமன்று. "இந்துவின் கருத்து" எனக் குறியின்றி எழுதினால், ஒரு நாளேட்டின் தலையங்கம் ஒரு சமயத்தாரின் கருத்தாகிவிடும். நாமோ அயலாரைக் குறித்துப் பொய்ச்சாட்சி உரைத்தவராவோம். மேலும், ஆங்கில நாளேட்டின் பெயராகிய 'தி இந்து' என்பதையே தாங்கி 2013இல் தோன்றிய தமிழ் நாளேடு, பின்னர் 'இந்து தமிழ் திசை' ஆயிற்று. செய்தி வெளிவந்த நாளில் தாளின் முகப்பில் இருந்த பெயரையே தருதல் வேண்டும். மொழியையும் சுட்டுதல் வேண்டும்.

'தினமணி'க்குத் தருமபுரிப் பதிப்பு தனியே உண்டு. ஊர்ச் செய்தியைச் சென்னைப் பதிப்பில் தேடுவோர் ஏமாறக்கூடும். ஆகையால் நாள், பக்கம் ஆகியவற்றோடு பதிப்பையும் குறிக்க.

1965 அக்டோபர் 2ஆம் நாளுக்கு முந்திய செய்திகளில் இவ்வூர்கள் சேலம் மாவட்டத்தின்கீழ் வரும். அதனைத் திருத்தலாகாது, இன்றைய மாவட்டத்தின் பெயரை அடைப்புக்குறிக்குள் சேர்க்கலாம்.