திரான்சிற்றரின் கோடலோட்டம்

1947 ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில் பார்டீன், பிராற்றெயின் என்னும் அறிஞர் இருவர் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் முதலாவது திரான்சிற்றரைச் செயற்படுத்திக் காட்டினர். அதன்பின் சொக்கிலி வகுத்த சந்தித் திரான்சிற்றரிலே, அடியிற் பாயும் சிறிய மின்னோட்டம் சேகரிப்பானிற் பாயும் பெரிய மின்னோட்டத்தை ஆளுகின்றது. இவ்விரண்டின் விகிதமே நயம் எனப்படும்.

ஒலிச்சைகை நேராகவும் மறையாகவும் மாறி மாறி அலைவது. அடியோ ஒரு திசையிலேயே மின்னை ஏற்கும். ஆகவே சைகை வருமுன்னரே நிலையானதொரு மின்னோட்டம் பாய்தல் வேண்டும். சைகை அதனைக் கூட்டியும் குறைத்தும் செல்லும். இவ்வோட்டமே கோடலோட்டமாகும்.

12 வோற்று மின்கலவடுக்கும், சேகரிப்பானில் 5,000 ஓம் தடையும் கொண்ட விரியலாக்கியொன்றில் 1 மில்லியம்பியர் வேண்டுமெனக் கொள்வோம். நயம் 100 ஆயின் அடிக்கு வேண்டியது 10 மைக்கிரோவம்பியர். சிலிக்கன் திரான்சிற்றரில் அடிக்கும் காலிக்கும் இடையே ஏறத்தாழ 0.7 வோற்று நிற்கும். எஞ்சிய 11.3 வோற்றிலிருந்து கணித்தால், அடிக்கு 11,30,000 ஓம் தடையொன்று போதும் என்று தோன்றும்.

ஆயின் நயம் நம்பத்தக்கதன்று. பி.சி. 547 என்னும் ஒரே வகைக்குள்ளேயே அது 110 தொடக்கம் 800 வரை வேறுபடலாம். நயம் 300 உடையதொன்றைப் பொருத்தின், 3 மில்லியம்பியர் பாய முயலும். அதற்குச் சேகரிப்பான் தடையில் 15 வோற்று வீழ்தல் வேண்டும், உள்ளதோ 12. திரான்சிற்றர் நிரம்பல் நிலையை எய்த, ஒலி சிதையும். கணக்கிற் பிழையில்லை, நம்பிய பொருளே பிழையாயிற்று.

பரிகாரம் எளிது. காலியில் 2,000 ஓம் தடையை இடுக. 91,000 ஓம், 27,000 ஓம் தடைகளைத் தொடராக மின்கலவடுக்கிற்குக் குறுக்கே இணைத்து, அவை சந்திக்குமிடத்தில் அடியைப் பொருத்துக. அடி ஏறத்தாழ 2.7 வோற்றிலும், காலி ஏறத்தாழ 2 வோற்றிலும் நிற்கும். 2 வோற்றை 2,000 ஓமால் வகுக்க 1 மில்லியம்பியர் பெறப்படும். ஓட்டம் மிகுமாயின் காலியின் அழுத்தம் உயரும். அடிக்கும் காலிக்கும் இடையிலான அழுத்தம் குறையும். ஓட்டம் தானே அடங்கும். நயம் 100 ஆயின் 0.92, 300 ஆயின் 0.99 மில்லியம்பியர் பாயும். நயம் மும்மடங்காகியும் ஓட்டம் நூற்றுக்கு எட்டுப் பங்களவே மாறுகின்றது.

காலித்தடை சைகையின் விரியலையும் குறைக்கும் என்பது உண்மையே. அதற்குப் பக்கமாகப் பெரியதொரு கொள்ளளவியை இணைத்தால், சைகை அவ்வழியே செல்ல, கோடல் மாறாதிருக்கும்.

ஏற்ற நயமுள்ள திரான்சிற்றரைத் தேடி அலைதல் வேண்டா. எது வரினும் ஒரே ஓட்டத்தைத் தருமாறு சுற்றை அமைத்தலே அறிவுடைமையாகும்.